தட்டில் பரிமாறும் துறைமுக வரலாறு

பினாங்கின் ஜார்ஜ் டவுனை அறிய, ஒரு வரைபடத்தோடும் நல்ல பசியோடும் நாமே நடப்பதே சிறந்த வழி. 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிறுவிய இத்துறைமுகத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதை அதன் தெருக்கடைகளே சொல்லிவிடும். சூலியா தெருவில் தொடங்கலாம். தமிழ் முஸ்லிம்கள் காவடிபோலத் தோளில் தடி சுமந்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதே நாசி கண்டார். ‘கண்டார்’ என்ற மலாய்ச் சொல்லே அந்தத் தோள்சுமையைக் குறிப்பதுதான். இன்றும் கடைக்காரர் மீன், கோழி, ஆடு என்று ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி குழம்பை அள்ளிச் சோற்றின்மேல் ஊற்றுகிறார். எல்லாம் தட்டிலேயே கலந்து புதுச் சுவையாகிறது. சற்று தள்ளி, சீனர்களின் சார் கோய் தியாவ்: பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டிச் சதை, முளைப்பயறு எல்லாம் கடுந்தீயில் புரள்கின்றன.

வழிகாட்டி இல்லாவிட்டால் நல்ல கடையைத் தவறவிடுவோமே, சுத்தத்துக்கு என்ன உறுதி என்று கேட்பது நியாயம்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையில் பண்டம் சீக்கிரம் தீரும். கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்கச் சமைத்ததை வாங்கினால் அச்சமும் குறையும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்நகரில் கட்டடங்களை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அதைக் கட்டி எழுப்பிய உழைப்பாளிகளின் உணவையும் உண்டு வாருங்கள்.