ஸ்வீடனில் மூஸ் மானின் கணக்கு

ஸ்வீடன் தேசத்துக் காடுகளில் குதிரையினும் உயர்ந்து நிற்கும் மூஸ் என்னும் மான், முற்காலத்தில் மன்னருக்கும் பிரபுக்களுக்குமே உரிய வேட்டையாயிருந்தது. 1789-ம் வருஷத்தில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர், நிலமுள்ள குடியானவர்களும் தத்தம் நிலத்தில் வேட்டையாடலாமென்று அனுமதித்தார். உரிமை வந்தது, அளவு வரவில்லை. சில தலைமுறைகளுக்குள் அவ்வினம் அற்றுப்போகும் தறுவாயை அடைந்தது.

ஜனங்களிடம் உரிமையை ஒப்புவித்ததே பிசகென்று இதைக் காட்டி வாதிப்பவர் எந்நாட்டிலும் உண்டு. பிற்காலச் சரித்திரம் அவர்கள் வாயை அடைக்கின்றது. 1982-ல் மட்டும் சுமார் 1,70,000 மான்கள் சுடப்பட்டன, இனம் அழியவில்லை.

காரணம் கணக்கே. வேட்டைக்காரர் சுட்டதை மாத்திரமன்றிக் கண்டதையும் எழுதுகின்றனர்: ஆண் எத்தனை, பெண் எத்தனை, கன்று எத்தனை, காத்திருந்தது எத்தனை மணி நேரம். வசந்தத்தில் குறித்த இடங்களில் பிழுக்கைக் குவியல்களை எண்ணுவதுமுண்டு. (நம்மவர் சிலர் இதைக் கேட்டு நகைக்கலாம், குவியல் பொய் சொல்லாது.) மான் கடித்த இளம் பைன் மரங்களும் கணக்கில் ஏறுகின்றன.

இம்மரங்களாலேயே விவாதம் மூள்கிறது. காட்டுச் சொந்தக்காரர் மான் குறைய வேண்டுமென்பர், வேட்டைக்காரர் கூடாதென்பர். 2012-ல் வகுத்த ஏற்பாட்டின்படி பெரும்பாலான பிரதேசங்களில் இரு திறத்தாரும் சமமாக அமர்ந்து திட்டமிடுகின்றனர். ஆனால் வாக்குகள் சமமானால் நிலச் சொந்தக்காரர் தரப்புத் தலைவரின் வாக்கே முடிவு. இது நமக்கு உவப்பாயில்லை. பனியில் நின்று எண்ணுகிறவன் சொல் எப்போதும் தோற்குமாயின், மறு வருஷம் அவன் கண்டதைக் கண்டபடி எழுதுவானா?