மலைப்பாதையில் பழைய மொரிஸ் மைனர்

லிந்துலையருகே பெருவீதியை விட்டுப் பிரிந்து அக்கரப்பத்தனை நோக்கி ஏறும் பாதையை அறிந்தவர்களுக்கு, அங்கே ஒரு மோட்டார் வண்டி படும் பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் பள்ளம். நடுப்பகலிலும் கண்ணை மறைக்கும் மூடுபனி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாட்கணக்காக ஓயாத மழை. இத்தகைய பாதையிலே அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு சிறு குடும்ப வண்டியை வைத்து ஓட்டுவது அறிவுடைமையாகுமா என்று கேட்போர் பலர். பராமரிப்பு முறையாக இருந்தால் ஆகும். இல்லையெனில் அது பெரும் ஆபத்து.

பழைய வண்டி வைத்திருப்போர் எல்லோரும் பழம்பொருளில் மோகங்கொண்டவர்கள் என எண்ணுதல் தவறு. தோட்டப்புறத்து ஆசிரியர், சிறு வியாபாரி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஆகியோர் அதனை வைத்திருப்பது பெரும்பாலும் கைக்கெட்டிய விலைக்கு அது ஒன்றே கிடைத்தமையாலாகும். நம் நாட்டிலே மோட்டார் வண்டி இறக்குமதிக்கு அடிக்கடி தடை விழுந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு 1977 வரை பெரும்பாலும் நீடித்தது. 2020 மார்ச்சிலே மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. வழி திறந்தாலும் வரியின் சுமை குறையவில்லை. ஆகவே தந்தையின் வண்டியை மகன் செப்பனிட்டு ஓட்டுவது இங்கே விருப்பத்தினால் மாத்திரம் நிகழ்வதன்று.

அவ்வாறு எஞ்சிய வண்டிகளுள் மொரிஸ் மைனருக்குத் தனி இடமுண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாகக் காட்டப்பட்டது. அது மிக ஒடுங்கியதாக இருக்கிறதென்று கருதி, மாதிரி வண்டியை நீளவாக்கிலே இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலத்தையே நிலைநிறுத்தினாராம் இசிகோனிஸ். இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கங்குலத்தின் அடையாளமாகும். கம்பனித் தலைவர் நபீல்ட் பிரபுவுக்கு இதன் உருண்டை வடிவம் பிடிக்கவில்லை. நீரிலிட்டு வேகவைத்த முட்டை போலிருக்கிறதென்று ஏளனஞ் செய்தார். அந்த முட்டையோ 1960ஆம் ஆண்டின் இறுதிக்குள் பத்து இலட்சம் எண்ணிக்கையைக் கண்டது. பிரித்தானிய வண்டிகளுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே.

வாங்க விரும்புவோர் முதலில் இயந்திரத்தின் அளவை அறிதல் வேண்டும். தொடக்க கால வண்டிகளில் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், 1952இன் பின் 803உம், 1956இல் 948உம், 1962இல் 1098உம் வந்தன. 803 மெலிவானது, நமது ஏற்றங்களிலே மூச்சு வாங்கும். நான்கு பேரும் ஒரு மூடை அரிசியும் ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டியவர் 948ஐ அல்லது 1098ஐத் தேடுவதே நன்று.

ஆயினும் இயந்திரம் கேடுற்றால் பிரித்துத் திருத்திவிடலாம். அடிப்புறம் துருப்பிடித்தால் திருத்துவது கடினம். இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை; உடலும் சட்டகமும் ஒன்றே. கதவின் கீழ் ஓடும் பெட்டிப் பகுதி, முன்னிருக்கையின் கீழுள்ள குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடம் ஆகிய மூன்றும் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று. மேலே மினுங்கும் வர்ணத்தைக் கண்டு மயங்காது, ஒரு திருகாணிச் சுழற்றியோடு வண்டிக்கடியிலே புகுந்து தட்டிப் பார்க்க வேண்டும். கொழும்பிலும் காலியிலும் கடலுப்பு வண்டியைத் தின்னுகிறது. மலையிலே உப்பில்லை, ஆனால் ஈரம் உலர்வதில்லை. கதவுகளின் அடியிலே நீர் வடிவதற்கு வைத்த துளைகள் சேற்றினால் அடைபட்டால் கதவுக்குள்ளே ஒரு சிறு குளமே தேங்கும். ஒரு கம்பியால் அத்துளைகளைக் குத்தி விடுவதற்குச் செலவொன்றுமில்லை.

இனி, உயிரோடு தொடர்புடைய விடயத்திற்கு வருவோம். மைனரின் பிரேக் நான்கு சக்கரங்களிலும் பீப்பாய் வகையைச் சேர்ந்தது, எண்ணெயழுத்தத்தால் இயங்குவது, ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களிலும் ஒருங்கே பிரேக் போய்விடும்; எஞ்சுவது கைப்பிரேக் மாத்திரமே. அந்த எண்ணெயை வைத்திருக்கும் முதன்மை உருளை எங்கேயிருக்கிறது? இயந்திர மூடியைத் திறந்தால் தென்படும் இடத்திலன்று. சாரதியின் பாதத்தின் கீழ், தரைவிரிப்பை நீக்கி ஒரு சிறு தகட்டைக் கழற்றினால்தான் அதன் மூடியைக் காணலாம். கண்ணுக்குத் தெரியாதது கருத்திலும் நில்லாது. எண்ணெய் குறைந்திருப்பதைச் சிலர் அறிவது மிதிகட்டை தரையைத் தொடும்போதுதான். மாதமொரு முறையேனும் அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

எண்ணெய் நிறைந்திருந்தாற் போதுமா? போதாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இன்று கடைகளிலே நான்காம் தரமென விற்கப்படும் எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை சென்ரிகிரேட் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அதன் கொதிநிலை 155 பாகை அளவுக்கு இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்திலே பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பீப்பாய்கள் சுட்டு, அந்தச் சூட்டிலே எண்ணெய் ஆவியாகும். ஆவி அமுங்கும்; அழுத்தத்தைக் கடத்தாது. மிதித்த கால் பஞ்சிலே மிதித்தது போல் உள்ளே போகும். மூடுபனி சூழ்ந்த நமது பகுதியில் எண்ணெய் விரைவில் ஈரமுறும். ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்து மாற்றுவது அவசியம். பழைய எண்ணெயை வடித்துத் துணியால் வடிகட்டி மீண்டும் ஊற்றும் சிக்கனக்காரரும் உளர். அவர்களுடைய வண்டியில் நான் ஏறமாட்டேன்.

இறக்கத்திலே வண்டியைப் பிடிக்க வேண்டியது இயந்திரமேயன்றிப் பிரேக் அன்று. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய சாரதிகளின் விதி. மைனரில் முதற் கியருக்கு இசைவிணைப்பு அமைப்பு இல்லை. ஓடும் வண்டியில் அதனைத் திணிக்க முயன்றால் பற்கள் உராய்ந்து அலறும், கியர் விழாமற் போகவும் கூடும். எனவே சரிவு தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். பாதிச் சரிவிலே யோசிக்கலாகாது.

பிரேக்கிற்கு அடுத்த அபாயம் முன்சக்கரங்களிலே ஒளிந்திருக்கிறது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நிமிர்ந்த அச்சின் மேலும் கீழும் மரை வெட்டிய மூட்டுகள் உள்ளன. கிறீஸ் இல்லாது ஓடினால் சேறும் நீரும் புகுந்து மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் வண்டிக்கடியிலே மடங்கி விழும். பெரும்பாலும் இது மெதுவாகத் திருப்பும் வேளையில் நிகழ்கிறதென்பது ஓர் ஆறுதல். ஆனால் பள்ளத்தை ஒட்டிய கொண்டையூசி வளைவிலும் நாம் மெதுவாகத்தான் திருப்புகிறோம்! ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பாக, கிறீஸ் துப்பாக்கியால் பழைய கிறீஸ் பிதுங்கி வெளிவருமட்டும் அடிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தேய்வு கைக்குத் தெரியும்.

உயரத்தின் குணத்தையும் அறிய வேண்டும். 1500 மீற்றர் உயரத்திலே காற்றின் அடர்த்தி கடற்கரையிலிருப்பதைவிட ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைவு. இயந்திரத்தின் வலுவும் அவ்வளவு குறையும். அதே வேளை பெற்றோல் மிகுந்து, கரும்புகையும் கருகிய மின்பொறிச் செருகியும் தோன்றும். காபரேற்றரின் அடியிலுள்ள திருகை மலைக்கேற்பச் சிறிது மேலேற்றிக் கலவையை மெலியச் செய்தால் வண்டி சுறுசுறுப்படையும். நாட்டில் 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனைக்குச் செல்லுமுன் இதனைச் செய்வது இரட்டிப்புப் பயன் தரும். கொழும்பு செல்வோர் மீண்டும் திருகை இறக்கிக்கொள்ள மறக்கலாகாது. நீரும் இங்கே 95 பாகையளவிலேயே கொதிக்கும். ரேடியேற்றரின் அழுத்த மூடியிலே ரப்பர் வளையம் வெடித்திருந்தால் நீர் பொங்கி வழிவதற்கு அதுவே காரணமாகலாம். மூடியை மாற்றாமல் ரேடியேற்றரையே மாற்றியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம்.

பெற்றோலிலே ஈயம் கலக்கும் வழக்கம் இலங்கையில் 2002இல் நின்றது. மைனரின் வார்ப்பிரும்புத் தலையிலுள்ள வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தின் மென்படலத்தை நம்பி அமைக்கப்பட்டவை. ஏற்றங்களிலே நெடுநேரம் பாரமிழுக்கும் வண்டிகளில் புகைவால்வின் இருக்கை மெல்ல மெல்ல உள்ளே தேயும். தலையைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது கடின உலோக வளையங்களைப் பதித்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: பழைய டைனமோ மெதுவான ஓட்டத்திலே போதிய மின்னைத் தராது, பனியில் விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் சேர்ந்து பற்றரியை வற்றச் செய்யும். ஒல்டனேற்றர் பூட்டுவோர், இவ்வண்டியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருப்பதை மின்தொழிலாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்திலே இவ்வண்டியைப் பேணும் சங்கங்கள் பல. 1990களில் அந்நாட்டு மைனர் நிலையம் ஒன்று உடற்பாகங்களை நம் இலங்கையிலேயே செய்விக்கவும் முற்பட்டது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் காருக்கு வாரம் 20 லீற்றரென அளந்து கொடுத்த வேளையிலும், சிறிய இயந்திரமுள்ள வண்டிக்காரர்கள் ஓரளவு சமாளித்தார்கள். நள்ளிரவிலே பிள்ளைக்கு மூச்சுத்திணறல் கண்டு நுவரெலியா வைத்தியசாலைக்கு விரைய நேரும் லயத்துக் குடும்பத்திற்கு, பக்கத்து வீட்டில் ஓடக்கூடிய நிலையில் ஒரு வண்டி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வேறுபாடு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஓடக்கூடிய நிலை என்பதே இங்கு முக்கியம். குளிர் மிகுந்த தை, மாசி மாதங்களில் பற்றரி சோர்ந்தால், முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியும் இவ்வண்டியை எழுப்பலாம்; ஆகவே அந்தக் கைப்பிடி வண்டியிலேயே இருக்கட்டும்.

மற்றொன்று: முன்சக்கரங்களின் பிரேக் முன்னோக்கி உருளும்போது இறுகப் பிடிக்கும் முறையில் அமைந்தது, பின்னோக்கி உருளும்போது அதன் பிடி தளர்வு. ஆகவே ஏற்றத்திலே முகப்பு மேல்நோக்க நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்து, முதற் கியரில் விட்டு, பின்சக்கரத்தின் பின்னே ஒரு மரக்கட்டையையும் வைத்துவிட வேண்டும். புறப்படும்போது அந்தக் கட்டையை எடுத்துக்கொள்ள யாரேனும் ஒருவர் கடைசியாக ஏறுவது வழக்கம்.