வீர் சக்ரா யாருக்கு? கடுக்கலூர் தரும் பாடம்

‘அமரன்’ திரைப்படம் வந்த பிறகு என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். “மேஜர் முகுந்துக்கு அசோக சக்ரா கொடுத்தாங்க. பக்கத்து மாவட்டத்துப் பழனிக்கு ஏன் சார் வீர் சக்ரா? அது சின்ன விருதா?” குடிமையியல், வரலாறு, தமிழ் ஆகிய மூன்று பாடங்களையும் இணைத்துக் கற்பிக்க ஏற்ற கேள்வி இது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம். அங்குள்ள கடுக்கலூரைச் சேர்ந்தவர் ஹவில்தார் கே. பழனி. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில், சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிர்நீத்த 20 இந்திய வீரர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 40. ஜூன் 18 அன்று சொந்த ஊரிலேயே இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

பழனி பணியாற்றிய 81 பீல்டு ரெஜிமெண்ட் ஒரு பீரங்கிப் படைப் பிரிவு. ஆனால் அன்று பீரங்கியும் இல்லை, துப்பாக்கிச் சூடும் இல்லை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருதரப்பும் சுடக் கூடாது என்று 1996ஆம் ஆண்டு ஒப்பந்தம் கூறுகிறது. சுமார் 14,000 அடி உயரத்தில், தடிகளும் கற்களும் கூர்முனை ஆயுதங்களும் கொண்டு கைகலப்பாகவே மோதல் நடந்தது. படுகாயமடைந்த பின்னும் பழனி பின்வாங்காமல் நின்று உடனிருந்தோரைக் காக்கப் போராடினார். அதற்காகவே 2021 குடியரசு நாளையொட்டி அவருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் அதை அவர் மனைவியிடம் வழங்கினார்.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டின் வீரதீர விருதுகள் இரண்டு வரிசையாக உள்ளன. எதிரிப் படையை நேருக்கு நேர் எதிர்கொண்டு காட்டும் வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. மற்றச் சூழல்களில் காட்டும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. முகுந்த் 2014இல் காஷ்மீரின் சோபியானில் தீவிரவாதிகளுடன் போரிட்டு உயிர்நீத்தார். எனவே அவருக்கு இரண்டாம் வரிசையின் முதல் விருது. கல்வானில் போர் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் எதிரே நின்றது அயல்நாட்டுப் படை. எனவே பழனிக்கு முதல் வரிசையில் ஒரு விருது. இரண்டும் வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்த விருதுகள் என்பதை மாணவர்கள் எளிதில் புரிந்துகொண்டார்கள்.

அடுத்து அவர்களைப் பொற்பனைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன், படத்தின் வழியாகத்தான். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அவ்வூரில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்துள்ளது. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவருக்காக நட்ட கல் அது. அவர் யார், எதில் இறந்தார் என்பதைச் சில சொற்களில் கல் சொல்லிவிடுகிறது. ‘மாவீரன்’ என்ற புகழ்ச்சியைவிட அந்தச் செய்திதான் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவரை நமக்கு அடையாளம் காட்டுகிறது.

இதையே வகுப்பறைச் செயல்பாடாக்கலாம். பழனியைப் பற்றி ஐந்து கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதச் சொல்லுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், யாரைக் காக்க? தொடக்க வகுப்புகளுக்கு முதல் மூன்று கேள்விகள் போதும். எதிரியை வெறுக்கும் சொற்கள் இல்லாமலேயே வீரத்தை எழுத முடியும் என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். ஒரு கவனம் தேவை: படைவீரர்களின் பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருக்கலாம். இறப்புக் காட்சியை விரிவாக வருணிக்க வேண்டாம். குடும்பத்தாரின் துயரத்தைப் பாடப்பொருளாக்க வேண்டாம்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கு ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் நிதி திரட்டுகிறோம். அந்த வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால், தாம் தரும் பணம் யாரை நினைத்துத் தரப்படுகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.