சர் முத்துக் குமாரசுவாமியும் சட்டநிரூபண சபையும்

கோணேசர் மலையை அடுத்து விரிந்து கிடக்கும் திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பை உலகறியும். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அத்துறை சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த மக்களுக்காகச் சட்டமியற்றுஞ் சபையிற் பேசியவர் யார் என்பதை ஆராய்வோர் சிலரே.

1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினால் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மரும், உத்தியோகப்பற்றற்றோர் அறுவரும் இடம்பெற்றனர். அவ்வறுவருள் தமிழர்க்கென ஒருவரே இருந்தார். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய பகுதிகள் அனைத்திற்கும் அவர் ஒருவரே பேசவேண்டியிருந்தது. 1889 இல் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வழங்கப்படும்வரை மூதூர், கிண்ணியா முஸ்லிம்களுக்கெனத் தனி அங்கத்தவர் இருந்ததில்லை. தமிழ் அங்கத்தவரைத் தேர்ந்தவர் மக்களல்லர். தேசாதிபதியே அவரை நியமித்தார்.

அவ்வாசனத்தை 1835 இல் முதன்முதலாக ஏற்றவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவருடைய புதல்வரே முத்துக் குமாரசுவாமி. கொழும்பு அக்கடமியிற் கற்று, 1856 இல் நியாயவாதியான இவர், 1862 இல் தந்தையார் இருந்த ஆசனத்தில் அமர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1863 இல் லிங்கன்ஸ் இன் வாயிலாகப் பாரிஸ்டரானார். முந்திய ஆண்டிலே அங்கு பாரிஸ்டரான வங்காளத்து ஞானேந்திரமோகன் தாகூர் கிறித்தவராக மாறியவர். முத்துக் குமாரசுவாமியோ சைவராகவே சென்று சைவராகவே மீண்டார். கிறித்தவரும் யூதருமல்லாத ஒருவர் ஆங்கில நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் உரிமை பெற்றது அதுவே முதன்முறை. உயர்நிலை எய்த மதம் மாறுதல் வேண்டுமென்ற எண்ணத்திற்கு அஃது அறவே மாறான சான்றாயிற்று.

அவர் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863 இல் இலண்டனில் வெளியிட்டார். 1874 இல் தாதவம்சம், சுத்தநிபாதம் என்னும் பாளி நூல்களையும் மொழிபெயர்த்தார். சைவத் தமிழர் ஒருவர் பௌத்த நூல்களை உலகிற்கு உணர்த்தியமை, தம் இனத்தின் எல்லையோடு அவர் நோக்கு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டும். அவ்வாண்டிலேயே 'சர்' பட்டமும் பெற்றார். 1879 மே 4 இல் அவர் மறைந்தபின், மருகர் பொன்னம்பலம் இராமநாதன் அவ்வாசனத்தை ஏற்றார். கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி இவருடைய ஒரே மைந்தர்.

இவ்வரலாற்றிலே பெருமையோடு ஒரு குறையும் உண்டு. தந்தை, மைந்தர், மருகர் என ஒரே குடும்பத்தினர் மூவர் வகித்த அவ்வாசனத்திற்கு, திருகோணமலை மீனவரோ கமக்காரரோ ஒரு வாக்கேனும் அளித்ததில்லை. சர்வசன வாக்குரிமை 1931 இலேயே கிட்டியது. நியமனம் பெற்றவரைக் கட்டுப்படுத்துவது அவர்தம் மனச்சான்று ஒன்றே. வாக்குப் பெற்றவரை மக்களும் கட்டுப்படுத்தலாம். முன்னவர் கல்வியும், பின்னவர்க்குரிய பொறுப்பும் ஒருங்கே அமையுமிடத்தேதான் மக்களாட்சி சிறக்கும்.