பின்னாலேயே சுற்றினால் பாசம் வருமா?

'விடாம பின்னாடியே சுத்தினா, பொண்ணு மனசு இளகிடும்' என்று, நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பாதி சினிமா, மீதி கூட்டாளிகள்.

எங்கள் தெருவில், பிளஸ் 2 படிக்கும் பெண் ஒருத்தி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இருந்து, தினமும் ஒரு பையன் அவளைப் பின்தொடர்ந்திருக்கிறான். முதலில் பேனா, அப்புறம் சாக்லேட், பிறகு மொபைல் போனில் ராப்பகலாக மெசேஜ். 'வேணாம்ணா' என்று சொல்லியும் விடவில்லை. கடைசியில், பிளேடால் கையைக் கீறி, அந்தப் படத்தை அனுப்பி இருக்கிறான். 'உனக்காக ரத்தம் சிந்துறான். உனக்கு மனசே இல்லையாடி?' என்று கேட்டவர்கள், அவளுடைய தோழிகளே!

'பாவமா இருக்கு ஆன்ட்டி, சரின்னு சொல்லிடட்டுமா?' என்று, என்னிடம் வந்து நின்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கி விட்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும் முன், 2016ல், இதே விழுப்புரம் மாவட்டத்தில், காதலிக்கச் சொல்லித் தொல்லை கொடுத்தவன், தன் மேல் தீ வைத்துக்கொண்டு, ஒரு இளம்பெண்ணைக் கட்டிப்பிடித்ததில், அந்தக் குழந்தையும் போய்ச் சேர்ந்தாளே!

விஷயம் தெரிந்ததும் அவள் அம்மா, 'நாளையில இருந்து ஸ்கூலே வேணாம். என் தம்பிக்குக் கட்டி வெச்சிடறேன்' என்றார். தொல்லை கொடுத்தவன் பைக்கில் சுற்ற, படிப்பு போவது இவளுக்கா? '18 வயசு முடியலைக்கா. யாராவது 1098க்கு போன் பண்ணினா, உங்க மேல தான் கேஸ்' என்றேன். அதற்குப் பிறகு தான், காது கொடுத்துக் கேட்டார்.

மெசேஜ்களை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு, இருவரும் பையன் வீட்டிற்குப் போனோம். 'ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித் தான்' என்று ஆரம்பித்தார், அவன் அம்மா. பெண் வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வதும், போனில் தொல்லை செய்வதும், 2013ல் இருந்தே குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவில், முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை என்று சொன்னதும், அந்தம்மா முகம் வெளுத்து விட்டது. மூன்று மாதமாக மெசேஜ் இல்லை. இவள், என் மகளோடு டவுன் பஸ்சில் பள்ளிக்குப் போய் வருகிறாள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இருந்து, சாமையும் கடுக்காயும் கொண்டு வரும் பாட்டியிடம், இதைச் சொன்னேன். 'எங்க பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தான் பரிசம் கொடுக்கணும். புடிக்கலைன்னா, குடிச்ச தண்ணியோட எந்திரிச்சுப் போயிடுவாங்க. அப்புறம் சந்தையில பாத்தா, நல்லாருக்கியான்னு கேப்பாங்க, அவ்ளோ தான்' என்றார்.

'தாத்தா மட்டும் எப்படி உன்னை மடக்கினாரு?' என்று வம்புக்கு இழுத்தேன்.

'அவரு எங்க பேசினாரு? எங்கம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தப்ப, டோலி கட்டித் தூக்கிட்டு மலை இறங்கினதுல, அவரும் ஒருத்தரு. தோள்பட்டை தோல் உரிஞ்சு போச்சு. மூணு வாரம் பாத்தேன், வாயத் தொறக்கல. அப்புறம் நான் தான் கேட்டேன்' என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், அந்த எழுபது வயதுப் பாட்டி!

— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.