முக்குளிக்கும் வாட்ச்: செல்லா, ஸ்பிரிங்கா?

நாளொன்றுக்கு 2 விநாடிக்கு மேல் முந்தாது, பிந்தாது என்பது ரோலெக்ஸ் தன் கடிகாரங்களுக்குத் தரும் உறுதி. மாதக் கணக்கில் ஒரு நிமிடம் வரை போகலாம். கேசியோவின் மலிவான குவார்ட்ஸ் டைவ் வாட்ச்சோ மாதத்துக்கே 20 விநாடிக்குள்தான் தவறும். லட்சங்களைக் கொட்டியவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

காரணம் துடிப்பின் வேகம். ரோலெக்ஸ் போன்ற ஆட்டோமேட்டிக்கில் கையசைவால் சுழலும் ரோட்டார் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. அந்த விசையில் ஒரு சிறு சக்கரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. மலிவு டைவ் வாட்ச்சுகள் பலவற்றில் உள்ள சீக்கோவின் என்ஹெச்35 இயந்திரம் விநாடிக்கு 6 முறை துடிக்கும். எண்ணெய் உலர்ந்தால், ஸ்பிரிங் தளர்ந்தால், இரவில் வாட்ச்சைக் கழற்றிப் படுக்க வைத்தால்கூட ஆட்டம் மாறும். காந்தம் ஏறி, அந்தச் சக்கரத்தோடு இணைந்த மயிரிழை ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டால் நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். இதெல்லாம் இல்லாமலே, நாளுக்கு 40 விநாடி முந்தலாம், 20 விநாடி பிந்தலாம் என்று தயாரிப்பாளரே வரம்பு சொல்கிறார்.

குவார்ட்ஸில் இசைக்கவை வடிவப் படிகம் ஒன்று மின்சாரம் பட்டதும் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள்; சரியாக 1 வரும். அந்த ஒரு துடிப்புக்கு முள் ஒரு தாவல். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரான் 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்தபோது விலை 4,50,000 யென். குவார்ட்ஸுக்கும் மலிவுக்கும் அன்று சம்பந்தமே இல்லை!

ஆனால் தண்ணீருக்கடியில் விநாடி முக்கியமில்லை. எத்தனை நிமிடம் ஆயிற்று, காற்று எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. டயலைச் சுற்றியுள்ள வளையம் அதற்குத்தான். அது இடப்பக்கம் மட்டுமே திரும்பும். பாறையில் இடித்துத் திரும்பிவிட்டாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். இப்படிக் கழிந்த நேரத்தைக் காட்டும் ஏற்பாட்டை ஐஎஸ்ஓ 6425 தரம் கட்டாயமாக்குகிறது. குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தாலும் நேரம் தெரிய வேண்டும். சாதாரண வாட்ச்சில் போட்டிருக்கும் ‘30 மீட்டர்’ கை கழுவத்தான். அதை நம்பிக் குதிக்காதீர்கள்.

குவார்ட்ஸின் பலவீனம் செல். அது தீரும் தறுவாயில் பல மாடல்களில் விநாடி முள் இரண்டிரண்டு விநாடியாகத் தாவி எச்சரிக்கும். மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் பின்மூடியைத் திறக்கும்போது ரப்பர் வாஷர் கொஞ்சம் நெளிந்தாலும் அடுத்த முக்குளிப்பில் கண்ணாடிக்குள் பனி படரும். இந்தத் தொல்லையைத் தவிர்ப்பது சிட்டிசன் ப்ரோமாஸ்டர் போன்ற சூரிய ஒளி குவார்ட்ஸ்: டயல் வழியே வெளிச்சம் வாங்கித் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், மாதம் 15 விநாடிக்குள் தவறும், 200 மீட்டர் தாங்கும்.

ரோட்டாரின் சுழற்சியையும் முள்ளின் வழுக்கலையும் ரசிப்பவர் ஆட்டோமேட்டிக் வாங்கட்டும். துல்லியமும் மலிவும் வேண்டுமென்றால் என் ஓட்டு சூரிய ஒளி குவார்ட்ஸுக்கு. எதை வாங்கினாலும், பின்மூடியைத் திறந்த கடையிலேயே அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். அதற்கான கருவி இல்லாத கடையில் திறக்கவே விடாதீர்கள்.