வன்தட்டும் கோப்பு முறைமையும்

ஏட்டிலிருந்து அச்சேறிய தமிழ் இன்று கணினியின் வன்தட்டில் குடிபுகுந்துள்ளது. அரபுத்தமிழ் ஏடுகளையும், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலிய பழைய அச்சுநூல்களையும் படமெடுத்துச் சேமிப்போர் பலர். அவர்கள் தட்டின் கொள்ளளவை வினவுகின்றனரேயன்றி, அதன் கோப்பு முறைமையை வினவுவதில்லை. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

எந்நூல் எவ்வடுக்கில் உள்ளது என நூலகப் பட்டியல் காட்டுவது போல, எக்கோப்பு தட்டின் எப்பகுதியில் உள்ளது எனக் காட்டும் ஒழுங்கே கோப்பு முறைமையாகும். பட்டியல் சிதைந்தால் நூல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

1996இல் வந்த ஃபேட்32 முறையைப் பெரும்பாலான கருவிகள் ஏற்கும். ஆயினும் ஒரு கோப்பு 4 ஜிபி அளவை எட்டலாகாது. நீண்டதொரு சொற்பொழிவின் ஒளிப்பதிவு இதில் அடங்காமற் போகலாம்.

1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்தது என்டிஎஃப்எஸ். வணிகர் முதலில் சிட்டையில் குறித்துப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவர் அன்றோ? அதுபோல் இம்முறை, செய்யவிருக்கும் மாற்றத்தை முன்னரே குறித்துக்கொள்கிறது. இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும், அக்குறிப்பைக் கொண்டு பட்டியலைச் சீர்செய்ய இயலும். ஆனால் மேக் கணினி இதனைப் படிக்குமேயன்றி, துணைமென்பொருளின்றி இதில் எழுதாது.

2006இல் வந்த எக்ஸ்ஃபேட் பெருங்கோப்புகளையும் ஏற்கும். விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும். எனினும் இதற்குச் சிட்டை இல்லை. எழுதி முடியுமுன் தட்டைப் பிடுங்கினால் கேடு விளையலாம்.

லினக்சுக்குரிய இஎக்ஸ்டி4 முறையில் சிட்டை உண்டு. ஆனால் கோப்பின் பெயர் 255 பைட்டுகளைக் கடத்தல் ஆகாது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். எனவே 'சீறாப்புராணம்' என்னும் ஏழெழுத்துப் பெயரே 39 பைட்டுகள் கொள்ளும். தமிழில் பெயரிடுவோர் சுருங்கச் சொல்லல் நன்று.

ஆகவே, விண்டோஸ் கணினியிலேயே நிலையாக இருக்கும் தட்டுக்கு என்டிஎஃப்எஸ். லினக்சு கணினிக்கு இஎக்ஸ்டி4. பலவகைக் கணினிகளுக்கும் எடுத்துச் செல்லும் தட்டுக்கு எக்ஸ்ஃபேட் எனத் தேர்ந்துகொள்ளலாம். தேர்வைத் தட்டு நிரம்புமுன் செய்தல் வேண்டும். பின்னர் வடிவமைப்பை மாற்றப் புகுந்தால் உள்ளவை அழிய நேரும்.

எம்முறையும் தட்டே பழுதாவதைத் தடுக்காது. ஆதலின் வேறொரு தட்டில் மற்றொரு படி இன்றியமையாதது. முன்னோர் நூல்கள் நம்மிடம் விடப்பட்ட அமானிதம்; அவற்றை வைக்கும் இடத்தை அறிந்து தேர்தலும் அதனைப் பேணுவதில் அடங்கும்.